மார்மன் முன்னோடி ஒருவர் எப்படி வாழ்ந்தார், எப்படி இறந்தார்?

மார்மன் என்றதும் ஒருவருக்குப் பல மனைவிகள் என்பதுதான் பலருக்கும் ஞாபகம் வரும். மின்சாரம் வேண்டாம், கார் வேண்டாம் என்று குதிரை வண்டியில் போகும் ஆமிஷ் மக்களோடு இவர்களைக் குழப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. கூடவே ‘முன்னோடி’ என்று சேர்த்துச் சொன்னால், தொப்பியும் துப்பாக்கியுமாகத் தங்கம் தேடிப் போன ஆள் ஒருவர் கண்முன் வந்து நிற்பார்.

இதில் எதுவும் ஆளைச் சரியாகக் காட்டாது. கடன் வாங்கிக் கப்பலேறி, பட்டியலில் பெயர் கொடுத்து, கூட்டமாக நடந்து, போகச் சொன்ன ஊரில் போய்க் குடியேறியவர்தான் மார்மன் முன்னோடி. அவர் பிழைத்தது அந்த ஏற்பாட்டால். பாதையில் செத்தவர்களில் பலர் அதே ஏற்பாடு பிசகியதால் செத்தார்கள். அது எப்படி இயங்கியது என்பதை இங்கே பார்க்கலாம். துணைக்கு நெல்லி பர்செல் என்ற சிறுமியையும் கூட்டிக்கொள்வோம். ஒன்பது வயதில் இங்கிலாந்தைவிட்டுக் கிளம்பி, 1915இல் அமெரிக்காவின் யூட்டாவில் இறந்தவர் அவர்.

யார் இந்த மார்மன்கள்?

1830 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்ற இளைஞர் ஒரு சபையைத் தொடங்கினார். பைபிளோடு ‘மார்மன் புஸ்தகம்’ என்ற இன்னொரு நூலையும் அந்தச் சபை வேதமாக ஏற்றது. அதை வைத்து வெளியார் ஒட்டிய பட்டப்பெயர்தான் மார்மன். சபையின் முழுப்பெயர் ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’.

போன இடத்திலெல்லாம் அக்கம்பக்கத்தாரோடு உரசல். நம்பிக்கை வேறு என்பது ஒரு காரணம். இவர்கள் மொத்தமாக நிலம் வாங்கினார்கள், மொத்தமாக ஓட்டுப் போட்டார்கள் என்பது இன்னொரு காரணம். எனக்கு இதுதான் பெரிய காரணமாகப் படுகிறது. 1838இல் மிசௌரி ஆளுநர், மார்மன்களை மாநிலத்தைவிட்டே விரட்ட வேண்டும் அல்லது ஒழித்துக்கட்ட வேண்டும் என்று ஆணையே போட்டார். அங்கிருந்து இல்லினாய் போய், மிசிசிப்பி ஆற்றங்கரையில் நாவூ என்ற ஊரைக் கட்டினார்கள். 1844 ஜூன் 27 அன்று, கார்த்தேஜ் ஊர்ச் சிறையில் இருந்த ஜோசப் ஸ்மித்தை ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது.

அப்புறம் தலைமைக்கு வந்தவர் பிரிகம் யங். யாரும் குடியேற ஆசைப்படாத இடத்துக்குப் போய்விடுவது என்று முடிவெடுத்தார். 1846 பிப்ரவரியில் நாவூவைவிட்டு வெளியேறத் தொடங்கினார்கள். 143 ஆண்கள், 3 பெண்கள், 2 குழந்தைகள் கொண்ட முதல் குழு 1847 ஜூலையில் சால்ட் லேக் பள்ளத்தாக்கை எட்டியது. பிரிகம் யங் காய்ச்சலோடு வண்டியில் படுத்தபடி வந்து சேர்ந்த ஜூலை 24 இன்றும் யூட்டாவில் அரசு விடுமுறை. அன்றைக்கு அந்தப் பள்ளத்தாக்கு மெக்சிகோவின் மண். அடுத்த ஆண்டு போர் உடன்படிக்கைப்படி அமெரிக்காவுக்குக் கைமாறியது.

1847 முதல் 1869 மே வரை அங்கே வந்து சேர்ந்தவர்களைத்தான் ‘முன்னோடி’ என்று கணக்கில் எடுக்கிறார்கள். 1869 மே 10 அன்று கண்டத்தின் கிழக்கையும் மேற்கையும் ரயில் பாதை இணைத்துவிட்டது. பிறகு வந்தவர்கள் டிக்கெட் வாங்கி வந்தவர்கள். அதற்கு முன் வந்தவர்கள் அறுபது, எழுபதாயிரம் பேர் இருக்கும்.

சுருக்கமாக: துரத்தப்பட்ட ஒரு மதக் குழு, ரயில் வருவதற்கு முந்தைய 22 ஆண்டுகளில், பாலைநிலத்துக்கு நடந்தும் மாட்டு வண்டியிலும் போய்ச் சேர்ந்தது.

கப்பல் காசு யார் கொடுத்தது?

முன்னோடிகள் எல்லோரும் அமெரிக்கர்கள் என்று நினைத்தால் அதுவும் தவறு. 1837 முதலே சபையின் ஊழியர்கள் இங்கிலாந்தின் லங்காஷயர் பக்கம் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தார்கள். பஞ்சாலைத் தொழிலாளர்கள், சுரங்கத் தொழிலாளர்கள் ஏராளமாகச் சேர்ந்தார்கள். 1850 வாக்கில் யூட்டாவில் இருந்த மார்மன்களைவிட பிரிட்டனில் இருந்தவர்கள் அதிகம். இவர்கள் எல்லோருக்கும் ‘சீயோனுக்கு’, அதாவது யூட்டாவுக்கு, வந்து சேருங்கள் என்று அழைப்பு. வரவேண்டும்தான். காசு?

1849இல் தொடங்கியது ‘நிரந்தரக் குடியேற்ற நிதி’. மகளிர் சுயஉதவிக் குழுவின் சுழல்நிதியைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஒருவருக்குப் பணம் கொடுப்பார்கள். அவர் வந்து சேர்ந்து, உழைத்துத் திருப்பிக் கட்டுவார். அந்தப் பணத்தில் அடுத்தவர் வருவார். கட்டப் பணம் இல்லாதவர் உழைப்பாகவோ தானியமாகவோ மாடாகவோ கொடுக்கலாம்.

காகிதத்தில் நல்ல திட்டம். நடப்பில், புது நிலத்தில் கால் ஊன்றவே திணறியவர்களால் கடனை அடைக்க முடியவில்லை. 1855இல் வெட்டுக்கிளியும் வறட்சியும் யூட்டாவின் பயிரைத் தின்றன. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொடுப்பது இவர்கள் வழக்கம். விளைச்சலே போனதால் அந்த வரவும் சுருங்கியது. நிதி காலி. ஆனால் லிவர்பூல் துறைமுகத்தில் காத்திருந்தவர்களின் வரிசை குறையவில்லை. செலவை எங்காவது வெட்டியாக வேண்டும். மாடுகளை வெட்டினார்கள், கணக்கிலிருந்து.

மாட்டுக்குப் பதில் மனிதர்

மூடு வண்டிக்கு இரண்டு மூன்று ஜோடி மாடு வேண்டும். 1856இல் அதற்குப் பதில் கைவண்டி வந்தது. இரண்டு சக்கரம், மேலே ஒரு பெட்டி, முன்னால் நீட்டிய இரு சட்டங்களுக்குக் குறுக்கே ஒரு கட்டை. அந்தக் கட்டைக்குள் நின்று நெஞ்சால் தள்ளியபடி நடக்க வேண்டும். பின்னால் இன்னொருவர் தள்ளுவார். ஐந்து பேருக்கு ஒரு வண்டி, இருபது பேருக்கு ஒரு கூடாரம். பெரியவர் ஒருவருக்குத் துணிமணி, படுக்கை, பாத்திரம் எல்லாம் சேர்த்து 17 பவுண்டு, அதாவது எட்டு கிலோவுக்கும் கீழே. வீட்டை விற்றுவிட்டு வந்தவர்கள், எட்டு கிலோவில் எதை எடுப்பது எதை விடுவது என்று தராசு முன்னால் நின்றார்கள்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். மார்மன் முன்னோடி என்றால் கைவண்டி என்று படங்களிலும் சிலைகளிலும் காட்டுவதால், எல்லோருமே அப்படித்தான் வந்தார்கள் என்று தோன்றும். 1856 முதல் 1860 வரை பத்தே குழுக்கள், மொத்தம் ஏறத்தாழ 3,000 பேர்தான் கைவண்டி இழுத்தார்கள். மற்றவர்களுக்கு மாட்டு வண்டி இருந்தது; அவர்களிலும் பெரும்பாலோர் வண்டிக்குப் பக்கத்தில் நடந்துதான் வந்தார்கள்.

முதல் ஆண்டின் முதல் மூன்று குழுக்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. நான்காவது, ஐந்தாவது குழுக்கள்தான் மாட்டிக்கொண்டன. தலைவர்களின் பெயரில் அவற்றை வில்லி குழு, மார்ட்டின் குழு என்பார்கள். நெல்லி, அவளுடைய அப்பா சாமுவேல், அம்மா மார்கரெட், 14 வயது அக்கா மேகி எல்லோரும் மார்ட்டின் குழுவில் இருந்தார்கள்.

பனியில் என்ன நடந்தது?

“திடீர்ப் பனிப்புயல், எல்லோரும் செத்தார்கள்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். புயல் கடைசியில்தான் வந்தது. அதற்கு முன்பே மூன்று மாதமாகச் சாவு மெல்லக் கூடிக்கொண்டிருந்தது.

முதல் பிசகு தேதி. கப்பல்கள் தாமதமாகக் கிளம்பின. ரயில் முடியும் இடமான அயோவா சிட்டியில் வண்டிகள் தயாராக இல்லை. வில்லி குழு அங்கிருந்து புறப்பட்டது ஜூலை 15, மார்ட்டின் குழு ஜூலை 28. அவசரத்தில் வண்டிகளைக் காயாத பச்சை மரத்தில் அடித்துவிட்டார்கள். வறண்ட சமவெளியில் மரம் சுருங்கி, சக்கரம் ஆட்டம் கண்டது. மணல் புகுந்து அச்சு தேய்ந்தது. ரிப்பேருக்கே நாட்கள் போயின. நெப்ராஸ்காவின் ஃப்ளாரன்ஸ் முகாமில், மேலே போகலாமா என்று வில்லி குழு கூடிப் பேசியது. அந்தப் பாதையில் அனுபவம் உள்ள லீவை சாவேஜ் என்பவர், இந்தப் பருவத்தில் கிளம்பினால் முதியவர்களும் நோயாளிகளும் குழந்தைகளும் சாவார்கள் என்று கண்ணீரோடு சொன்னார். கேட்கவில்லை. சரி, நீங்கள் போனால் நானும் வருகிறேன் என்று அவரும் கிளம்பினார்.

அடுத்தது சாப்பாடு. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு மாவு, சுமார் 450 கிராம். இதில் கிடைப்பது ஏறத்தாழ 1,600 கலோரி. கலோரி என்பது உணவிலிருந்து உடலுக்குக் கிடைக்கும் ஆற்றலின் அளவு. நாள் முழுக்க வண்டி இழுக்கும் ஆணுக்கு இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். குறைகிற ஆற்றலை உடல் தன் கொழுப்பிலிருந்து எடுக்கும். அது தீர்ந்ததும் தசையிலிருந்து. லாரமி கோட்டையில் மாவு கிடைக்கும் என்று நம்பிப் போனால் அங்கே இல்லை. பங்கீட்டைக் குறைத்தார்கள். குழந்தைக்குக் கொடுத்துவிட்டுத் தாங்கள் குறைத்துக்கொண்டவர்கள் இன்னும் வேகமாக இளைத்தார்கள்.

மூன்றாவதுதான் கொடுமை. அக்டோபர் 17 வாக்கில், இழுக்கத் தெம்பில்லாமல் மார்ட்டின் குழு சுமையை ஆளுக்கு 10 பவுண்டாகக் குறைத்தது. வெயிலில் கனத்த கம்பளியும் மேலங்கியும் அன்று தீயில் போயின. இரண்டே நாளில், அக்டோபர் 19 அன்று, இன்றைய வயோமிங்கில் உள்ள வட பிளாட் ஆற்றைக் கடைசி முறையாகக் கடந்தார்கள். இடுப்பளவுத் தண்ணீர், மிதக்கும் பனிக்கட்டி. அன்றைக்கே பனி கொட்டத் தொடங்கியது.

ஈரத் துணி உடல்சூட்டை உலர்ந்த துணியைவிடப் பல மடங்கு வேகமாக இழுத்துவிடும். உடல் முதலில் நடுங்கும்; நடுங்குவது தசைகளை அசைத்துச் சூடு உண்டாக்கும் முயற்சி. அதற்கும் எரிபொருள் வேண்டுமே? அதுதான் தீர்ந்துவிட்டதே. உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்குவதை உடல்வெப்ப வீழ்ச்சி என்பார்கள். நடுக்கம் நிற்கும், பேச்சு குழறும், தூக்கம் சொக்கும், கடைசியில் இதயம் தடுமாறும். காலையில் கூடாரத்தில் எழுந்திருக்காதவர்கள் பலர் போனது இப்படித்தான். வயிற்றுக்கடுப்பு வேறு சேர்ந்துகொண்டது.

ஆண்கள்தான் அதிகம் செத்தார்கள். இழுத்ததும் அவர்கள், பிறரை ஆற்றில் சுமந்ததும் அவர்கள், இரவுக் காவலும் அவர்களுக்கே. பெண்களின் உடலில் தோலுக்கடியில் கொழுப்புச் சேமிப்பு கொஞ்சம் கூட. அதுவும் பெண்களைக் காத்தது. நெல்லியின் அப்பா, நோயாளியான மனைவியை வண்டியில் உட்காரவைத்து இழுத்து வந்தார். ஆற்றில் வழுக்கி விழுந்து நனைந்தவர், சில நாளில் இறந்தார். ஐந்து நாள் கழித்து அம்மா. நிலம் உறைந்து கிடந்தது; ஆழமாகத் தோண்ட யாருக்கும் தெம்பில்லை. வில்லி குழு ஓரிடத்தில் 13 பேரை ஒரே குழியில் புதைத்தது. குழி தோண்டியவர்களில் இருவர் அடுத்து செத்தார்கள்.

வில்லி குழுவில் 70 பேருக்குச் சற்றுக் குறைவாகவும், மார்ட்டின் குழுவில் 135 முதல் 150 பேர் வரையும் இறந்தார்கள். ஆனால் இதை மொத்தத்துக்கும் பொருத்திவிடக் கூடாது. எல்லா ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால், வழியில் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று நான்கு பேர். காலராவும் வயிற்றுப்போக்கும் வண்டிச் சக்கரமும்தான் அவர்களைக் கொன்றன.

ஆக, தாமதம், பசி, ஈரம், குளிர் நான்கும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியதால் வந்த சாவு இது. இதில் ஏதாவது ஒன்றைத் தடுத்திருந்தாலும் பாதிப்பேர் பிழைத்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

உருளைக்கிழங்கா, ஜெபமா?

அக்டோபர் 4 அன்று சால்ட் லேக் சிட்டிக்குச் சேதி போனது: இன்னும் ஆயிரம் பேருக்குமேல் பாதையில் இருக்கிறார்கள். மறுநாள் சபைக் கூட்டத்தில் பிரிகம் யங் பிரசங்கத்தை ஒதுக்கிவைத்து, கோவேறு கழுதையும் மாவும் வண்டியோட்டிகளும் வேண்டும் என்று கேட்டார். 7ஆம் தேதி முதல் மீட்பு வண்டிகள் கிளம்பிவிட்டன. நவம்பர் 30 அன்று மார்ட்டின் குழு வந்து சேர்ந்தபோதும், பிற்பகல் ஆராதனையை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய் இவர்களைக் கவனியுங்கள் என்றார். ஜெபம் நல்லதுதான், ஆனால் சுட்ட உருளைக்கிழங்கும் பாலும் தேவைப்படும் இடத்தில் ஜெபம் உதவாது என்பது அவர் பேச்சின் சாரம். இவ்வளவு தாமதமாக அவர்களைப் புறப்பட விட்ட நிர்வாகத்தின் தலைவரும் இவர்தான். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நெல்லியின் கால் செருப்பையும் காலுறையையும் கழற்றியபோது தோலும் கூடவே வந்தது. இதுதான் பனிக்கடி. கடுங்குளிரில் உடல் தன் உள்ளுறுப்புகளைக் காக்க, கைகால் நுனிக்குப் போகும் இரத்தக் குழாய்களை இறுக்கிவிடும். இரத்தம் போகாத சதை உறைந்து, செத்து, அழுகும். அக்காவின் கால்கள் தப்பின. நெல்லியின் இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருந்தது. மயக்க மருந்து இல்லை. கசாப்புக் கத்தியும் தச்சரின் ரம்பமும்தான் கருவி. எலும்பை மூடச் சதையை இழுத்துத் தைக்காததால் அந்தப் புண் கடைசிவரை முழுதாக ஆறவேயில்லை.

வந்து சேர்ந்தபின்: தண்ணீரும் வார்டும்

வந்தவர்கள் எங்கே பிடிக்கிறதோ அங்கே நிலம் வளைத்துக்கொள்ளவில்லை. மாநாட்டில் பெயர் வாசிப்பார்கள்: இன்னார், இன்ன ஊருக்கு. இதற்கு ‘அழைப்பு’ என்று பெயர். தச்சர் ஒருவர், கொல்லர் ஒருவர், மாவாலைக்காரர் ஒருவர் என்று ஊருக்குத் தேவையானபடி ஆள் பொறுக்கி அனுப்பினார்கள். 1877இல் பிரிகம் யங் இறப்பதற்குள் இப்படி முந்நூறுக்கும் மேற்பட்ட குடியிருப்புகள் எழுந்துவிட்டன. நெல்லி வாழ்ந்த தெற்கு யூட்டாவின் சிடார் சிட்டி, இரும்பு உருக்குவதற்கென்றே 1851இல் அமைத்த ஊர். வெள்ளமும் பணமுடையும் சேர்ந்து 1858க்குள் உலையை அணைத்துவிட்டன. ஊர் மட்டும் விவசாயத்தை நம்பி நின்றது.

சிடார் சிட்டியில் ஆண்டு மழை 300 மில்லிமீட்டருக்கும் கீழே. 1847 ஜூலையில் முதல் குழு சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்தபோதே அங்கும் மண் உழமுடியாத அளவு இறுகிக் கிடந்தது. ஓடையை மறித்து வயலில் பாய்ச்சி, ஊறவைத்துத்தான் உழுதார்கள். அதுவே பிறகு எல்லா ஊருக்கும் முறையானது. கால்வாய் வெட்ட எத்தனை நாள் உழைத்தாரோ அதற்கேற்ப அவருக்குத் தண்ணீரில் பங்கு. மணிக்கணக்கில் முறை வைத்துத் திறந்துவிடத் தண்ணீர் மேஸ்திரி ஒருவர். நடுராத்திரி இரண்டு மணிக்கு முறை வந்தாலும் மண்வெட்டியோடு போய்த்தான் ஆக வேண்டும். தப்பவிட்டால் அந்தச் சுற்று போச்சு.

ஊரின் அடிப்படை அலகு ‘வார்டு’. ஒரு பகுதிக் குடும்பங்கள் சேர்ந்த சபைக் கூட்டம் அது. அதன் தலைவர் பிஷப். சம்பளம் இல்லாத, ஊரிலேயே உழுது பிழைக்கிற ஆள். காணிக்கைத் தானியம் அவர் கிடங்குக்கு வரும். இல்லாதவர்களுக்கு அங்கிருந்து போகும்.

பிள்ளைப்பேறும் தொண்டை அடைப்பான் நோயும்தான் வீடுகளைப் பயமுறுத்தின. மருத்துவர்கள் அரிது, மருத்துவச்சிகளே கதி. பேட்டி செஷன்ஸ் என்பவர் பார்த்த பிரசவம் 4,000க்குக் கொஞ்சம் குறைவு. 1847 பாதையில், வண்டிகளுக்கு நடுவே பார்த்தவையும் அதில் சேர்த்தி. அவரே 97 வயதுவரை வாழ்ந்தார்.

யாருடைய நிலம்?

“ஆளில்லாப் பாலைவனத்தைப் பூஞ்சோலை ஆக்கினார்கள்” என்ற பேச்சில் பாதிதான் உண்மை. அந்த ஓடைக்கரைகளில் யூட், தெற்குப் பையூட், ஷோஷோனி மக்கள் காலங்காலமாக இருந்தார்கள். பாலைநிலத்தில் ஓடைக்கரைதான் இரை, விதை, மீன் எல்லாம் கிடைக்கும் இடம். குடியேறியவர்கள் கால்வாய் வெட்டியது அங்கேதான், மாடு மேய்த்ததும் அங்கேதான். கூடவே அம்மை நோய்களும் வந்தன. ஒருவருக்கு விளைச்சல் கூடியபோது இன்னொருவருக்குப் பட்டினி தொடங்கியது.

நெல்லி வாழ்ந்த ஊருக்கு இன்னொரு கறையும் உண்டு. அமெரிக்க ராணுவம் யூட்டா மேல் வருகிறது என்ற பதற்றத்தில் ஊரே இருந்த சமயம், 1857 செப்டம்பர் 11 அன்று, சிடார் சிட்டிக்குத் தென்மேற்கே மவுண்டன் மெடோஸ் என்ற புல்வெளியில், கலிஃபோர்னியா நோக்கிப் போன சுமார் 120 பயணிகளை உள்ளூர் மார்மன் படையினர் கொன்றார்கள். பையூட் மக்களில் சிலரையும் சேர்த்துக்கொண்டு, பழியைப் பெரும்பாலும் அவர்கள்மேல் போட்டார்கள். விட்டுவைத்தது 17 சிறு குழந்தைகளை மட்டும். இருபது ஆண்டு கழித்துத் தண்டனை பெற்றவர் ஜான் லீ என்ற ஒரே ஒருவர்.

நெல்லியின் வீடு

நெல்லி, வில்லியம் அன்தாங்க் என்பவருக்கு இரண்டாம் மனைவியாக வாழ்க்கைப்பட்டார். பலதாரமணத்தைச் சபை 1852இல் வெளிப்படையாக அறிவித்தது, 1890இல் கைவிடுவதாகச் சொன்னது. அந்தக் காலத்திலும் பெரும்பான்மை வீடுகளில் ஒரே மனைவிதான். ஆண்களுக்கு அது ராஜவாழ்க்கை என்ற கற்பனையும் வேண்டாம். நெல்லியின் குடும்பம் வறுமையில் உழன்றது.

ஆறு பிள்ளைகளை வளர்த்தார், முழங்காலால் நகர்ந்தபடி. வீட்டில் மண்தரை. தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் நிரவி நிரவி அதைக் கல்தளம்போல் இறுக்கி வைத்திருந்தார். தொட்டிக்கு முன் முழங்காலிட்டு ஊரார் துணியை வெளுத்தார். காலுறை பின்னி விற்றார். எலும்பைச் சீர்செய்து செயற்கைக் கால் பொருத்தலாம் என்று பின்னாளில் மருத்துவர் சொன்னபோது மறுத்துவிட்டார். அந்த முதல் ரம்பத்தை உடம்பு மறக்கவில்லை.

வார்டிலிருந்து அவ்வப்போது மாவு வந்தது. இலவசமாக வாங்குவது அவருக்குப் பிடிக்காது. வருஷத்துக்கு ஒருமுறை பிள்ளைகளோடு சபைக் கட்டடத்துக்குப் போவார். பையன்கள் தண்ணீர் சுமக்க, பெண்பிள்ளைகள் ஜன்னல் துடைக்க, இவர் தரை முழுவதையும் முழங்காலில் தவழ்ந்தே தேய்த்துக் கழுவிவிட்டு வருவார்.

இறப்பும் பெயர்ப் பட்டியலும்

1915 ஜூலையில், எழுபதை நெருங்கிய வயதில், நெல்லி சிடார் சிட்டியில் இறந்தார். ஊரில் சாவு விழுந்தால் ‘நிவாரணச் சங்கம்’ என்ற பெண்கள் அமைப்பு வரும். 1842இல் நாவூவில் தொடங்கியது அது. உடலைக் கழுவி, வெள்ளை உடுத்தி, காவலிருந்து, அடக்கத்துக்கு அனுப்புவது அவர்கள் பொறுப்பு. நெல்லியின் அப்பா அம்மாவுக்குப் பனியில் இது எதுவும் வாய்க்கவில்லை.

ஆனால் அவர்கள் பெயர் பதிவில் இருக்கிறது. இறந்தவர்களுக்காகவும் உயிரோடு இருப்பவர்கள் ஞானஸ்நானம் பெறலாம், குடும்ப உறவு சாவுக்குப் பின்னும் தொடரும்படி சடங்கு செய்யலாம் என்பது மார்மன் நம்பிக்கை. அதற்குப் பெயர் தெரிய வேண்டும், யார் யாருக்குப் பிள்ளை என்று தெரிய வேண்டும். அதனால் இவர்கள் கப்பல் பட்டியல், குழுப் பட்டியல், நாட்குறிப்பு எதையும் தூக்கிப் போடவில்லை. 1894இல் இதற்கென்றே ஒரு வம்சாவளிச் சங்கம் தொடங்கினார்கள். 170 ஆண்டுக்கு முன் பாதையில் இறந்தவர்களின் கணக்கை இன்று போட முடிவதற்கு இந்தச் சேகரிப்பு ஒரு பெரிய காரணம். சால்ட் லேக் சிட்டியில் இருக்கும் அந்த வம்சாவளி நூலகத்தில், எந்த மதத்தவரும் காசு கொடுக்காமல் தங்கள் முன்னோரைத் தேடிப் பார்க்கலாம்.